எக்ஸ்ரே தொலைநோக்கிக் கண்ணாடி: எங்கெல்லாம் சறுக்கும்?

முகம் பார்க்கும் கண்ணாடியை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் முதல் அடியே தவறு. நேராக வந்து மோதும் எக்ஸ்ரே கண்ணாடிக்குள் புகுந்துவிடும், திரும்பி வராது. ஏறக்குறைய ஒரு டிகிரி சாய்வில் உரசிக்கொண்டு போனால்தான் தெறிக்கும். தட்டைக் கல்லைத் தாழ வீசினால் குளத்து நீரில் தத்தித் தத்திப் போகுமே, அப்படி. அதனால் இந்தக் கண்ணாடி தட்டுப் போல இருக்காது, இரண்டு பக்கமும் திறந்த பீப்பாய் போல இருக்கும். சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயரைத் தாங்கி 1999இல் பறந்த சந்திரா என்ற எக்ஸ்ரே விண்வெளித் தொலைநோக்கியில் நான்கு ஜோடி பீப்பாய்கள், ஒன்றுக்குள் ஒன்று. வெளியில் இருப்பதன் விட்டம் 1.2 மீட்டர். உள்பக்கம் இரிடியம் பூச்சு, மேடுபள்ளம் சில அணுக்கள் அளவுதான்.

அடுத்த தவறு, கண்ணாடியைச் சோதிக்க ஒரே கருவியை நம்புவது. இதற்கு ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியே சாட்சி. அமெரிக்காவின் டான்பரியில் அதன் கண்ணாடியைச் சோதித்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. வேறு கருவிகள் ‘ஏதோ சரியில்லை’ என்று காட்டியும், துல்லியம் குறைந்தவை என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். 1990இல் மேலே போன பிறகுதான், கண்ணாடியின் வடிவமே தப்பு என்ற குட்டு வெளிப்பட்டது. சந்திராவின் கண்ணாடிகளைத் தீட்டியதும் அதே டான்பரியில்தான். ஆனால் இம்முறை பெரிய ஜோடியை மட்டும் முதலில் முடித்து, 1991இலேயே நாசாவின் சோதனைக்கூடம் இருக்கும் ஹன்ட்ஸ்வில்லுக்குக் கொண்டுபோய் நிஜ எக்ஸ்ரேயைப் பாய்ச்சிப் பார்த்தார்கள்.

சரி, அந்தச் சோதனையையாவது அப்படியே நம்பலாமா? கூடாது. நட்சத்திரத்தின் கதிர்கள் இணையாக வரும். ஹன்ட்ஸ்வில்லில் எக்ஸ்ரே விளக்கு இருப்பதோ வெற்றிடக் குழாயின் மறுமுனையில், அரை கிலோமீட்டர் தூரத்தில். கதிர் சற்றே விரிந்து வருவதால், 10 மீட்டரில் குவிய வேண்டியது சுமார் 20 சென்டிமீட்டர் தள்ளிக் குவியும். போதாததற்குக் கண்ணாடி தன் எடையிலேயே கொஞ்சம் தொய்யும். தெரியும் மங்கலில் எது கண்ணாடியின் குறை, எது பூமியின் குறும்பு என்று கணக்குப் போட்டுக் கழிக்க வேண்டும். கழிக்காமல் ‘திருத்த’ இறங்கினால் நல்ல கண்ணாடியைக் கெடுத்த கதைதான்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் ஒன்று தப்பியது. எக்ஸ்ரேயைக் குவிக்கும் கண்ணாடி, பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சுப் பட்டையின் மெதுவான புரோட்டான்களையும் கேமராப் பக்கம் தள்ளிவிட்டது. ஏவிய சில வாரங்களிலேயே கேமராவின் சில்லுகள் பழுதாகின. இப்போதெல்லாம் அந்தப் பட்டையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கேமராவைக் குவியத்திலிருந்து விலக்கி வைத்துவிடுகிறார்கள்.