ஸ்மால் பிளாக் செவர்லேவுக்குத் தண்ணீர் பம்ப்: நான் செய்த தவறை நீங்களும் செய்ய வேண்டாம்

போன சனிக்கிழமை ஒரு தம்பியின் கராஜில் நின்றுகொண்டிருந்தேன். மதுரைக்காரர். டெட்ராய்ட் பக்கம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. 1972 செவர்லே நோவா ஒன்றை வாங்கி, அதன் 350 (கன அங்குல) எஞ்சினைக் கடைசி போல்ட் வரைக்கும் பிரித்து, ரீபோர் செய்து மறுபடி பூட்டிக்கொண்டிருக்கிறார். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ், பழைய கார்களின் பெரிய ஊர்வலம். அன்றைக்கு அந்த வண்டியை உட்வர்ட் சாலையில் உருட்டியே தீர வேண்டும் என்று ராத்திரி பகல் பார்க்காமல் வேலை.

"அண்ணா, பம்ப் பாத்தீங்களா? நாலு போல்ட்டும் கச்சிதமா உக்காந்துடுச்சு" என்றார்.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. இதே வார்த்தையை 2009-இல் நான் சொல்லியிருக்கிறேன், இதே மாதிரி ஒரு நோவாவின் முன்னால் நின்றுகொண்டு.

ஊரில் பம்ப் என்றால் கிணற்று மோட்டார்தான் ஞாபகத்துக்கு வரும். நான் கோயம்புத்தூர்க்காரன், அங்கே பம்ப்பைப் பற்றிப் பேச ஆள் தேட வேண்டியதில்லை. ஆனால் கார் எஞ்சினின் முன்னால் தொங்கிக்கொண்டு, சூட்டை எடுக்கும் தண்ணீரைச் சுற்றவிடுகிற இந்தச் சின்னப் பம்ப் பற்றி அங்கே கற்றது ஒன்றும் எனக்கு இங்கே உதவவில்லை. எல்லாம் கைக்காசு போட்டுக் கற்றதுதான். கேஸ்கெட் மாற்றாமல் பூட்டுவது, போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்குவது மாதிரியான விஷயங்களை இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

சுற்றும் திசையைப் பார்க்காமல் வாங்குவது

ஸ்மால் பிளாக் என்கிற செவர்லேயின் வி8 எஞ்சின் குடும்பம் 1955-இல் 265 கன அங்குலத்தோடு வந்தது. 350 அளவு 1967 கமாரோவில் அறிமுகமானது. இந்தக் குடும்பத்தின் பெரிய வரமும் பெரிய சாபமும் ஒன்றுதான்: பல பத்தாண்டுகளுக்கு, பிளாக்கில் பம்ப் உட்காரும் போல்ட் துளைகள் மாறவே இல்லை. ஐம்பதுகளின் பம்ப்பை எண்பதுகளின் பிளாக்கில் பூட்டலாம். பூட்ட முடிகிறது என்பதாலேயே அது பொருந்தும் பம்ப் என்று நினைத்துவிடுகிறோம்.

என் கதையைச் சொல்கிறேன். வி-பெல்ட்டுகள் கீச்சுக்கீச்சென்று கத்துவது பொறுக்காமல், ஜங்க்யார்டில் கிடந்த 1990 செவர்லே பிக்கப் ஒன்றின் முன்பக்கத்தை அப்படியே கழற்றிக்கொண்டு வந்தேன். பிராக்கெட், ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங் பம்ப், புல்லிகள், டென்ஷனர், எல்லாம் சேர்த்து. செர்பன்டைன் பெல்ட், அதாவது எல்லாவற்றையும் சுற்றிவரும் ஒரே ஒரு பட்டைப் பெல்ட். அந்தப் பிக்கப்பின் தண்ணீர் பம்ப் மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது. அதை ஒரு மூலையில் போட்டுவிட்டு, கடைக்குப் போய் "1971 நோவா, 350, பம்ப் கொடுங்கள்" என்றேன். கொடுத்தார்கள். கேட்டதற்குச் சரியான பொருளைத்தான் கொடுத்தார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. போல்ட் உட்கார்ந்தது. புல்லி உட்கார்ந்தது. பெல்ட் நேர்க்கோட்டில் ஓடியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

வீட்டு வாசலில் நிறுத்தி ஓடவிட்டால் 190 டிகிரியில் முள் அசையாமல் நின்றது. (இங்கே எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு.) ஐ-75 நெடுஞ்சாலையில் ஃபிளின்ட் பக்கம் ஏறி 65 மைல் வேகம் தொட்டதும் முள் மெல்ல நகர ஆரம்பித்தது. 210. 220. ஓரங்கட்டி நிறுத்தினால் கொஞ்சம் இறங்கும், கிளம்பினால் ஏறும். அந்த எஞ்சின் பூட்டப்பட்ட ஊரே ஃபிளின்ட்தான், பிறந்த வீட்டுக்குப் போகிற வழியில் மூச்சுத் திணறுகிறதே என்று நண்பர்கள் கேலி செய்தார்கள்.

முதலில் தெர்மோஸ்டாட் மாற்றினேன். அப்புறம் ரேடியேட்டர் மூடி. கீழ் ஹோஸ் உறிஞ்சலில் நசுங்குகிறதோ என்று உள்ளே ஸ்பிரிங் உள்ள ஹோஸ் வாங்கிப் போட்டேன். இக்னிஷன் டைமிங்கை இரண்டு நாள் உட்கார்ந்து திருத்தினேன். கடைசியில் நானூறு டாலர் கொடுத்துப் புது அலுமினிய ரேடியேட்டர். முள் ஐந்து டிகிரி இறங்கியது, அவ்வளவுதான். அந்தச் சந்தோஷத்தில் ஓட்டிக்கொண்டு போன மூன்றாம் வாரம் ஹெட் கேஸ்கெட் போனது. எண்ணெய் எல்லாம் பால் காபி நிறம்.

எஞ்சின் முன்பக்கத்தைப் பிரித்துப் போட்ட அன்றைக்குத்தான், மூலையில் கிடந்த அந்தப் பிக்கப் பம்ப்பும் என் புதுப் பம்ப்பும் பக்கத்துப் பக்கத்தில் குப்புறக் கிடந்தன. பின்தட்டைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தின் மடல்கள். ஒன்றில் வலப்பக்கமாக வளைந்திருந்தன, இன்னொன்றில் இடப்பக்கமாக. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. கையில் ஸ்பேனரோடு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

விஷயம் இதுதான். முன்னால் நின்று பார்த்தால் இந்த எஞ்சினின் கிராங்க் கடிகார முள் திசையில் சுற்றுகிறது. பழைய வி-பெல்ட் தன் உள்பக்கத்தால் பம்ப் புல்லியைப் பிடித்து இழுக்கும், அதனால் பம்ப்பும் அதே திசையில் சுற்றும். செர்பன்டைன் அமைப்பில் பெல்ட்டின் வரியில்லாத வழுவழுப்பான முதுகு பம்ப் புல்லியின் மேல் ஓடும். முதுகில் ஓடினால் திசை தலைகீழ். 1984 கார்வெட்டிலும், 1988-இல் வந்த புதிய பிக்கப்புகளிலும் இப்படித்தான், அவற்றின் பம்ப்பே எதிர்த்திசைக்காகச் செய்தது. நான் நேர்த்திசைப் பம்ப்பை எதிர்த்திசையில் சுற்றவிட்டிருந்தேன்.

"அப்படியானால் தண்ணீர் பின்னோக்கி ஓடியிருக்குமே, உடனே தெரிந்திருக்காதா?" என்று கேட்பார்கள். தம்பியும் கேட்டார். ஓடாது, வம்பே அங்கேதான். இது மையவிலக்குப் பம்ப். எந்தப் பக்கம் சுற்றினாலும் தண்ணீரை நடுவிலிருந்து வெளிவிளிம்புக்குத்தான் தள்ளும். தவறான திசையில் மடல்கள் தண்ணீரை வழித்துத் தள்ளாமல் சும்மா கலக்கும், அளவு குறைந்துவிடும். எஞ்சின் சும்மா ஓடும்போது அந்தக் குறைந்த அளவே போதும், நெடுஞ்சாலைச் சூட்டுக்குப் போதாது. பொதுவாக நின்ற இடத்தில் சூடாகிற வண்டிக்குக் காற்றுப் பிரச்சினை, ஓடும்போது சூடாகிற வண்டிக்குத் தண்ணீர் ஓட்டத்தில் பிரச்சினை. இந்த ஒரு வரி அன்றைக்குத் தெரிந்திருந்தால் ரேடியேட்டர் காசு மிச்சம். (ஹெட் வேலைக் கணக்கை என் மனைவியிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.)

நான் ரேடியேட்டருக்கு மின்சாரத்தில் ஓடும் விசிறி வைத்திருந்ததால் இன்னொரு துப்பும் தப்பிவிட்டது. பம்ப் ஹப்பில், அதாவது புல்லி உட்காரும் முன்பக்கத் தட்டில் பூட்டும் விசிறியை வைத்திருந்தால், நேர்த்திசை விசிறி எதிர்த்திசையில் சுற்றி, வருகிற காற்றை முன்பக்கம் தள்ளியிருக்கும். பானெட்டைத் திறந்து கை வைத்தாலே பிடிபட்டிருக்கும். செர்பன்டைனில் அந்த வகை விசிறி வேண்டுமானால் விசிறியும் அதன் கிளட்ச்சும்கூட எதிர்த்திசை வகையாக இருக்க வேண்டும்.

பார்க்கிற விதம் சுலபம். பெல்ட்டை மாட்டாமல் சுற்றிவைத்துப் பாருங்கள். பம்ப் புல்லியில் படுவது வரிப்பக்கமா, முதுகா? வரி என்றால் நேர்த்திசைப் பம்ப், முதுகு என்றால் எதிர்த்திசைப் பம்ப். வண்டி எந்த வருஷம், எஞ்சின் எந்த வருஷம் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான். பின்தட்டைக் கழற்றிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வளைந்த மடல் என்றால் அதன் நுனி சுற்றும் திசைக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் பின்னாலிருந்து பார்க்கிறீர்கள், முன்னால் கடிகாரத் திசை என்பது அங்கிருந்து எதிர்த்திசையாகத் தெரியும். இதைக் குழப்பிக்கொண்டு சரியான பம்ப்பைத் திருப்பிக் கொடுத்தவரையும் பார்த்திருக்கிறேன். மடல் நேராக இருந்தால் கண்ணை நம்பாமல் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

தம்பியின் கராஜில் பெல்ட் வழுவழு முதுகோடு பம்ப்பின் மேல் ஓடியது. பம்ப், வண்டியோடு வந்த பழைய பம்ப். "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்னு விட்டுட்டேன்" என்றார். இந்தத் தடவை வாய்விட்டே திட்டிவிட்டேன்.

குட்டையா நெட்டையா என்று அளக்காமல் வாங்குவது

1968 வரை செவர்லே கார்களில் குட்டைப் பம்ப், 1969 முதல் நெட்டைப் பம்ப். கார்வெட் மட்டும் 1969-லும் குட்டையோடுதான் வந்தது. பிளாக்கில் உட்காரும் முகத்திலிருந்து ஹப் முகம் வரை அளந்தால் குட்டை சுமார் 5 5/8 அங்குலம், நெட்டை சுமார் 6 15/16. வித்தியாசம் 33 மில்லிமீட்டர். கேட்க ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் அவ்வளவு தூரம் தள்ளி நிற்கிற புல்லியில் பெல்ட் ஒரு நாள்கூடத் தங்காது. ஹப்பில் விசிறி இருந்தால் ரேடியேட்டரை உரசும்.

பம்ப் மாறினால் கிராங்க் புல்லி, பம்ப் புல்லி, ஆல்டர்னேட்டர் பிராக்கெட் எல்லாம் ஜோடியாக மாற வேண்டும். 1967, 68 கமாரோவில் ஆல்டர்னேட்டர் ஓட்டுநர் பக்கம், 1969-இல் எதிர்ப்பக்கம் போய்விட்டது. இன்னொரு சிக்கல் சிலிண்டர் ஹெட்டில் இருக்கிறது. நெட்டைப் பம்ப் காலத்துப் பிராக்கெட்டுகள் ஹெட்டின் முன்முகத்தில் பூட்டுபவை, 1968 வரையான ஹெட்டுகளில் அந்தத் துளைகளே கிடையாது. பழைய ஹெட்டை ஆசையாகத் தேடிப்பிடித்து மாட்டிவிட்டு, பிராக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பூட்டுவது என்று விழிப்பவர்களை வருஷத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன்.

கடைக்காரர் கேட்பது கார் மாடலும் வருஷமும். உங்கள் எஞ்சின் நாலு வண்டியிலிருந்து சேர்த்த கலவை. அதனால் அடிக்கோலை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஷாஃப்ட் தடிமன்

5/8 அங்குலமும் உண்டு, 3/4 அங்குலமும் உண்டு. மெல்லிய ஷாஃப்ட்டில் பெரிய துளையுள்ள புல்லியைப் பூட்டினால் மையம் தவறி ஆடும், பேரிங் போகும். இடையில் போட வளையம் விற்கிறார்கள், வாங்கிப் போடுங்கள்.

எல்டி1 பம்ப் மலிவாகக் கிடைக்கிறதே?

1992-இல் வந்த எல்டி1 என்கிற ஸ்மால் பிளாக் எஞ்சினின் பம்ப் பெல்ட்டில் ஓடுவதே இல்லை, கேம்ஷாஃப்ட்டிலிருந்து ஓடுகிறது. தொடாதீர்கள்.

'ஹை ஃப்ளோ' என்று எழுதியிருந்தால் மயங்குவது

சாதாரணமாக ரோட்டில் ஓடும் 350-க்கு நல்ல நிலையில் உள்ள சாதாரணப் பம்ப் போதும். சூடாகிறது என்பதற்காக ஹை ஃப்ளோ வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு நோய் வேறு இடத்தில் இருக்கும்: அடைத்த ரேடியேட்டர், சுற்றி மூடாக்கு (ஷ்ரவுட்) இல்லாத விசிறி, அல்லது மேலே சொன்ன திசைக் கோளாறு. "தண்ணீர் வேகமாக ஓடினால் சூட்டை எடுக்க நேரம் இருக்காது" என்று இதற்கு நேர்மாறாக ஒரு கதையும் சுற்றுகிறது. அதுவும் தப்பு.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது

ஊரில் அம்பாசடர் மெக்கானிக்குகள் முதல் வேலையாகச் செய்வது இது. இங்கே செய்யாதீர்கள், மிஷிகன் ஜனவரியில் ஹீட்டர் இல்லாமல் உறைந்துபோவீர்கள்.

பழைய பம்ப்பை அவசரப்பட்டுக் கடையில் கொடுப்பது

புதுப்பித்த பம்ப் வாங்கினால் பழையதைக் 'கோர்' என்று திருப்பிக் கேட்பார்கள், கொடுத்தால் கொஞ்சம் பணம் திரும்ப வரும். புதியது பூட்டி, ஓடி, நூறு மைலாவது போன பிறகு கொடுங்கள். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் வைத்து ஹப் உயரம், ஷாஃப்ட், ஹீட்டர் ஹோஸ் துளை, பிளாக் பக்கம் இருக்கும் துளைகள் எல்லாவற்றையும் பழைய கேஸ்கெட்டை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழையது ஒன்றுதான் ஆதாரம்.

இதில் எனக்கு ஒரு தனி வருத்தம் உண்டு. பிற்பாடு ஒரு 1968 கமாரோவில் வேலை செய்தபோது, ஒழுகுகிறதே என்று அதன் பம்ப்பைப் பதினைந்து டாலர் கோர் பணத்துக்குக் கொடுத்துவிட்டேன். வார்ப்பில் தேதி இருந்தது: ஒரு எழுத்து மாதத்துக்கு, அப்புறம் நாள், கடைசி எண் வருஷத்துக்கு. சி 14 8. மார்ச் 14, 1968. வண்டியோடு பிறந்த பம்ப். பேரிங்கும் சீலும் மாற்றியிருந்தால் போதும். வண்டிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இன்றுவரை எங்கே பார்த்தாலும் "அந்தப் பம்ப் கிடைச்சுதா?" என்று கேட்கிறார்.

தம்பிக்கு எதிர்த்திசைப் பம்ப் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. பழையதை ஷெல்ஃபிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.