வாகனத் தணிக்கையில் போலீஸ் பார்ப்பதை நீங்களே முன்கூட்டிப் பார்ப்பது எப்படி?

சாயங்காலம் மேம்பாலத்துக்குக் கீழே தடுப்பு வைத்து நிற்கும் எஸ்.ஐ., கையிலுள்ள இ-சலான் கருவியில் உங்கள் வண்டி நம்பரைத் தட்டுகிறார். சில நொடியில் 'வாகன்' என்ற அரசு வண்டிப்பதிவுத் தரவுத்தளத்திலிருந்து உரிமையாளர் பெயர், வண்டி வகை, இன்சூரன்ஸ் தேதி, பழைய அபராதம் எல்லாம் திரைக்கு வந்துவிடும். அந்தப் பதிவில் பெரும்பகுதியை நீங்களும் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

படி 1: நம்பர் பிளேட்

தனியார் வண்டிக்கு வெள்ளைப் பிளேட்டில் கறுப்பு எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சளில் கறுப்பு, மின்வாகனத்துக்குப் பச்சை. வெள்ளைப் பிளேட் காரின் நம்பரைத் தட்டினால் 'டாக்ஸி' என்று வருகிறதா? நிறுத்தி விசாரிப்பார்கள். 2019 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் அசோகச் சக்கர ஹாலோகிராமும் லேசரில் பொறித்த வரிசை எண்ணும் உள்ள உயர்பாதுகாப்புப் பிளேட் இருக்க வேண்டும்.

படி 2: பதிவைத் திறப்பது

'எம்பரிவாஹன்' என்ற அரசுச் செயலியில் உங்கள் மொபைல் எண்ணைக் கொடுத்து நுழைந்து, வண்டி நம்பரைப் போடுங்கள். பதிவு, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் எதுவரை செல்லும் என்று குறித்துக்கொள்ளுங்கள். தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டு. பிறகு புதுப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மறுமுறை 4,000.

படி 3: பெயர்

இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். நானும் மாட்டினேன். என் பழைய ஸ்கூட்டரைத் தெரிந்தவருக்கு விற்று, படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "அடுத்த வாரம் பேர் மாத்திடுறேண்ணே" என்றார். ஒரு வருஷம் கழித்து என் போனுக்கு ஹெல்மெட் அபராதம் வந்தது. படத்தில் வேறு யாரோ ஓட்டுகிறார்கள், நம்பர் என்னுடையது. சட்டப்படி பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் உரிமையாளர். விபத்து என்றால் இது அபராதத்தோடு நிற்காது. பல கை மாறியும் பெயர் மாறாத ஒரு வண்டியின் வழக்கில், இழப்பீட்டுக்குப் பதிவு உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது.

ஆகவே விற்றவர், மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். படிவம் 29, 30 இரண்டும் இதற்குத்தான். வாங்குபவர் கையில் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். செயலியில் பெயர் மாறும்வரை வாரம் ஒருமுறை பாருங்கள்.

படி 4: சேசிஸ் எண்

நம்பர் பிளேட்டை யார் வேண்டுமானாலும் மாற்றி மாட்டலாம். அதனால் சந்தேகம் வந்தால் போலீஸ் சேசிஸ் எண்ணுக்கு, அதாவது வண்டியின் சட்டகத்தில் பொறித்த எண்ணுக்குப் போகும். பெரும்பாலான இருசக்கர வண்டிகளில் ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியில் எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் பொறித்திருக்கும். தூசியைத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து அப்படியே பதியும். ஆர்.சி.யோடு (பதிவுச் சான்று) ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ராவிய தடம் இருந்தாலோ, ஓர் எழுத்து மட்டும் கோணலாக இருந்தாலோ, பழைய வண்டி வாங்கப் போயிருந்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.

படி 5: நிலுவையும் திருட்டும்

பரிவாஹன் இ-சலான் தளத்தில் அபராத நிலுவை தெரியும். திருட்டு வண்டியா என்பதற்குத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் பதிவு, சேசிஸ், இன்ஜின் எண்களைக் கொடுத்துப் பார்க்கலாம்.

நிறுத்தினால்

சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி கேட்டால் ஆவணங்களைக் காட்ட வேண்டும். டிஜிலாக்கரிலோ (ஆவணங்களை வைக்கும் அரசுச் செயலி) எம்பரிவாஹனிலோ உள்ள ஆர்.சி. செல்லும், கேலரியில் இருக்கும் போட்டோ செல்லாது. இன்று ராத்திரியே ஆர்.சி.யை டிஜிலாக்கரில் இறக்கிவையுங்கள். பதிவில் உள்ள மொபைல் எண் பழையதென்றால் அதையும் மாற்றிவிடுங்கள். அபராதச் செய்தி அந்த எண்ணுக்குத்தான் போகும்.