பழைய ஆஃப்-ரோடு வண்டியின் சின்ன எஞ்சின்: அளந்து பார்த்துக் கை வையுங்கள்

எஞ்சின் எத்தனை சிசி (கன சென்டிமீட்டர் கொள்ளளவு) என்று அறிய, விசிறி மூடியில் உள்ள ஸ்டிக்கரை நம்பாதீர்கள். மூடியே வேறு எஞ்சினுடையதாக இருக்கலாம். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரின் உள்விட்டமான போரையும், பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் தூரமான ஸ்ட்ரோக்கையும் சென்டிமீட்டரில் அளந்து, போர் × போர் × ஸ்ட்ரோக் × 0.7854 என்று பெருக்குங்கள். போர் 9.0, ஸ்ட்ரோக் 6.6 என்றால் சுமார் 420 சிசி. இரட்டை சிலிண்டருக்கு இரு மடங்கு.

ஏர் ஃபில்டரைத் தாராளமாக்கினால் கலவை மெலியும், அதாவது காற்று கூடி எரிபொருளின் பங்கு குறையும். கார்புரேட்டரில் எரிபொருள் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டி, முழுச் சுமையில் ஓட்டி, ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். வெளுத்திருந்தால் இன்னும் கூட்டுங்கள்; கரி படிந்தால் குறையுங்கள்.

எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை மட்டும் கழற்றவே வேண்டாம். இவ்வகை எஞ்சின்கள் பெரும்பாலும் 3600 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 3600 சுற்று) வரைதான். அதைத் தாண்டி ஓடினால் பிஸ்டனோடு இணைந்த அலுமினிய கனெக்டிங் ராடு முறிந்து, எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸைத் துளைக்கும்; வார்ப்பு ஃபிளைவீல் சிதறினால் ஆளுக்கே ஆபத்து. வேகம் கூட வேண்டுமென்றால் கியர் விகிதத்தை மாற்றுங்கள். ஏற்றத்தில் இழுவை குறையும், அவ்வளவுதான்.