பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடும் விதம்

புதிதாக ஆசிரியை வேலையில் சேர்ந்திருக்கும் என் அண்ணன் மகள் அடிக்கடி போன் செய்து புலம்புகிறாள். "அத்தை, பத்து மணிக்கே புடவை கசங்கிவிடுகிறது. தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவள் போல வகுப்பில் நிற்கிறேன். கடையில் பார்த்தபோது நன்றாக நின்றதே?" என்று கேட்கிறாள். கடையில் நின்றது புடவை அன்று, கஞ்சி. தறியில் ஏற்றுவதற்கு முன்பே நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி ஊட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் நெய்யும்போது உரசி உரசி நூல் பிசிறடித்து அறுந்துபோகும். நெசவாளர் தெருக்களில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சியைத் தடவி நீவிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அந்தக் கஞ்சி சில சலவைகளில் போய்விடும். அதன் பிறகு போடவேண்டியது நம் பொறுப்பு.

முதலில் எந்தப் புடவை என்று பாருங்கள். மதுரைச் சுங்குடி மெல்லிய துணி; கஞ்சி இல்லாமல் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். காரைக்குடிக் கண்டாங்கி சற்றுக் கனமான நெசவு. சுங்குடிக்குப் போடுவதில் பாதி போதும். சுங்குடிக்கு 2005-இலும் கண்டாங்கிக்கு 2019-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக எந்தக் கடையில் எந்தப் பெயர் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சுங்குடியில் புள்ளிகள் ஒன்றுபோல ஒன்று இருக்காது. அச்சடித்ததில் எல்லாம் ஒரே அளவாக வரிசை கட்டி நிற்கும். பட்டுக்கும், கோரா போன்ற பட்டு கலந்த பருத்திக்கும் வீட்டுக் கஞ்சி வேண்டாம்.

புதுப்புடவை என்றால் கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் செய்கிறேன். ஆனால் உப்பு சாயத்தைக் கட்டிப்போட்டுவிடும் என்று நம்பி வெள்ளை ரவிக்கையோடு சேர்த்து ஊறப்போடாதீர்கள். முதல் இரண்டு மூன்று சலவை தனி வாளியில்தான். இன்னொன்று, கீழ்க்கரையின் உட்புறத்தில் வைக்கும் ஃபால்ஸ் தைப்பதற்கு முன் அந்தத் துணியை ஒரு முறை தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். பருத்தி ஃபால்ஸ் தைத்தபின் சுருங்கினால் புடவையின் கீழ்க்கரை முழுவதும் சுருக்கம் விழும். எந்தக் கஞ்சியாலும் இஸ்திரியாலும் அது நிமிராது.

இனி கஞ்சி. வடிகஞ்சிதான் பழைய வழி. உலையில் உப்புப் போடாமல் வடித்ததாக இருந்தால் இன்றும் அது நல்ல கஞ்சிதான். குக்கர் வந்த வீட்டில் வடிகஞ்சிக்கு எங்கே போவது? ஜவ்வரிசியே போதும். சேலத்தில் மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து செய்து வருகிறதே, அந்தச் சாதாரண ஜவ்வரிசி. ஒரு புடவைக்கு மூன்று மேசைக்கரண்டி எடுத்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் சிறு தீயில் கிண்டுங்கள். வெண்மை மாறி, மணிகள் கண்ணாடியாகி, கரண்டியை எடுத்தால் நூலாக இறங்கும். அதுவரை அடுப்பை விட்டு நகராதீர்கள். வேகாத மாவு நூலுக்குள் இறங்காமல் மேலேயே பொடியாகத் தங்கிவிடும். கறுப்பு, கருநீலப் புடவைகளில் தெரியும் வெள்ளைத் திட்டுகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான்.

வெந்ததைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். பிழியும்போது கடைசியில் வரும் கொழகொழப்பான மிச்சத்தின் மேல் ஆசைப்படாமல் கொட்டிவிடுங்கள். வடிகட்டியதை வாளியில் நான்கைந்து லிட்டர் தண்ணீரோடு கலக்குங்கள். இவ்வளவு நீர்த்துவிட்டதே என்று சந்தேகம் வரும், வரட்டும். விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தால் லேசான வழுவழுப்புத் தெரிந்தால் போதும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் இன்னும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். அடர்ந்த நிறங்களுக்கு இன்னும் நீர்க்கவே இருக்கட்டும். சொட்டு நீலம் வெள்ளைப் புடவைக்கு மட்டும்.

காய்ந்த புடவையைக் கஞ்சியில் போடாதீர்கள். முதலில் தொட்ட இடம் அதிகமாகக் குடித்துவிடும். மற்ற இடம் ஏமாந்துவிடும். துவைத்து அலசிய ஈரத்தோடு நான்காக மடித்து அமுக்கி, பிரித்து, திருப்பி மறுபடி அமுக்குங்கள். எடுத்துப் பிழிய வேண்டும், முறுக்கக் கூடாது. முறுக்கினால் அந்த முறுக்கு அப்படியே காய்ந்து நிற்கும். உட்புறம் வெளியே தெரியும்படி நிழலில் காயப்போடுங்கள். கம்பிக் கொடியில் போடுவதாக இருந்தால் துரு இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். மழை நாளில் கஞ்சி போடவே வேண்டாம். காயத் தாமதமானால் புளித்த வாடை அடிக்கும். எந்த வாசனைத் தைலமும் அதை மறைக்காது.

முக்கியமான வேலை இதன் பிறகுதான். பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். முழுக்கக் காய்வதற்குச் சற்று முன்பு, கை வைத்தால் குளிர்ச்சி தெரியும் பதத்தில் புடவையை எடுத்துவிடுங்கள். இதற்கு இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் பக்கத்து வீட்டு அக்கா வருவார். அவர் புடவைக்கு நான் போவேன். நீளவாக்கில் இரண்டாக மடித்து, ஆளுக்கு ஒரு முனையில் இரண்டு கரைகளையும் கையில் சுற்றிக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுக்க வேண்டும். "கரையை விடாதேடி, கரையை இழு" என்பார் அக்கா. நடு உடல் எளிதில் நீண்டுகொடுக்கும். கரை நெருக்கமான நெசவு, சுருங்கிக்கொண்டு அடம்பிடிக்கும். அதனால் நேராக ஒரு இழுப்பு, பிறகு எதிரெதிர் மூலைகளைக் குறுக்காக ஒரு இழுப்பு, மறுபடி நேராக. துணி படபடவென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு பாருங்கள், பாதி இஸ்திரி முடிந்திருக்கும். ஆள் கிடைக்காதவர்கள் ஒரு முனையைக் கட்டில் காலுக்கடியில் கொடுத்து இழுக்கலாம். கரை மட்டும் அவ்வளவு ஒழுங்காக வராது.

இஸ்திரியை உட்புறத்தில் போடுங்கள். சூடு மிஞ்சினால் கஞ்சி பழுப்பேறும். சுத்தப் பருத்தி என்று சொல்லி விற்றதில் பாலியஸ்டர் கலந்திருந்தால் பெட்டி ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் உள்முனையில் ஓரிடத்தில் வைத்துப் பாருங்கள்.

கட்டும்போது கஞ்சிப் புடவை இடுப்பைச் சுற்றி உப்பிக்கொண்டு நிற்கும். கொசுவத்தைச் செருகியபின் மேலிருந்து கீழாக உள்ளங்கையால் அழுத்தி நீவிவிடுங்கள். அரை மணி நேரத்தில் உடம்புச் சூட்டில் அடங்கிவிடும். வெளியே கிளம்புவதற்கு அரை மணி முன்பே கட்டிக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். நைலக்ஸும் பாலியஸ்டரும் வந்தபோது பெண்கள் அவற்றை ஏன் அள்ளிக்கொண்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அடுப்படி, பிள்ளைகள், எட்டு மணி பஸ் என்று ஓடுபவளுக்கு அலசி உதறிப்போட்டால் காய்ந்துவிடும் புடவை பெரிய உதவி. அவர்களை நான் ஒரு சொல் குறை சொல்லமாட்டேன். ஆனால் மதுரையின் மே மாதத்தில் மின்விசிறி ஓடாத வகுப்பறையில் பாலியஸ்டரோடு நின்று பாருங்கள். இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். விறைப்பான பருத்திப் புடவையில் போகும் நாளில், அலுவலகத்தில் கேட்காமலே நாற்காலியை நகர்த்திப் போடுகிறார்கள். அது நியாயம் இல்லைதான், ஆனால் நடக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கு அதுவும் கணக்கில் வேண்டியதே. மேடையில் மொடமொடக்கும் வேட்டியைக் கம்பீரம் என்கிறோம். அதற்குக் கஞ்சி காய்ச்சிய கை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. நம் புடவைக்காவது நாம் காய்ச்சுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோடை விடுமுறைக்கு முன் எல்லாப் புடவைகளையும் கஞ்சி போக அலசி, நன்றாகக் காயவைத்து உள்ளே வையுங்கள். பழைய புத்தகங்களின் பசையைத் தேடி வரும் ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சித் துணியும் விருந்துதான். மடிப்பும் எப்போதும் ஒரே இடத்தில் விழக்கூடாது. கஞ்சியோடு மாதக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் நூல் அங்கேதான் முதலில் விட்டுப்போகும்.

நேரமே இல்லாதவர்கள் சலவைக்கடையில் கொடுக்கலாம், தவறில்லை. "லேசாக" என்று இரண்டு முறை அழுத்திச் சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் வேட்டிக்குப் போடும் அதே கஞ்சியில் முக்கிக் கொடுத்துவிடுவார்கள். அன்று முழுவதும் நீங்கள் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும்.