சவரக்கத்திக்கு முதல் கல் வாங்கப் போகிறீர்களா?

மடக்குச் சவரக்கத்தி வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "12000 கல்லுல எதுங்க நல்லது?" என்பதுதான். கத்தி தீட்டும் கல்லைத்தான் கேட்கிறார்கள். எண் ஏற ஏறக் கல்லின் துகள் நைஸாகும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "உங்க கத்தி இப்போ சவரம் பண்ணுதுங்களா?" எந்தக் கல் வாங்குவது என்பது இதற்கு வரும் பதிலைப் பொறுத்தது.

பாதி பிளேடு செருகும் சலூன் கத்தி வைத்திருப்பவருக்குக் கல்லே தேவையில்லை. நான் சொல்வது ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, பிரான்சின் தியேர் போன்ற ஊர்களில் செய்யப்பட்ட முழு எஃகுக் கத்திகளுக்கு. கோவையில் ஒரு டூல் ரூமில் 22 வருஷம் சர்ஃபேஸ் கிரைண்டிங், அதாவது உலோகத்தை மட்டமாகத் தேய்க்கும் வேலை, பார்த்தவன் நான். மட்டம், மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), கீறல் எல்லாம் அன்றாடம் கையில் புழங்கிய விஷயங்கள். அந்தக் கண்ணோடுதான் கல்லையும் பார்க்கிறேன்.

முதல் கத்தியை, தீட்டத் தெரிந்த ஒருவர் தீட்டிக் கொடுத்த நிலையில் வாங்குங்கள். கூர் என்றால் கன்னத்தில் எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் தெரியும். அது தெரியாமல் கல்லில் இறங்கினால், எங்கே நிறுத்துவது என்று கைக்குப் புரியாது. அப்படி வந்த கத்திக்கு முதல் சில வாரங்கள் தோல்வார் (கத்தியை இழுத்துத் தேய்க்கும் தோல் பட்டை) மட்டும் போதும். ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் தோலில் ஐம்பது அறுபது இழுப்பு. தாடி லேசாகப் பிடித்து இழுக்கிற மாதிரி தோன்றும்போதுதான் கல் வேலை. அதற்கு 8000 எண் கல் ஒன்று இருந்தால் தீர்ந்தது.

அதனால் முதல் கல்லாக நான் சொல்வது நார்ட்டன் கம்பெனியின் 4000/8000 இரட்டைக் கல், ஒரு பக்கம் 4000, மறுபக்கம் 8000. 8 அங்குல நீளம், 3 அங்குல அகலம். கத்தியின் வாயும் (வெட்டும் விளிம்பு) ஏறக்குறைய 3 அங்குலம்தான் என்பதால் கை பழகாதவருக்கு அந்த அகலம் பெரிய உதவி. குறுகிய கல்லிலும் தீட்டலாம். ஆனால் குதியிலிருந்து (வாயின் கைப்பிடிப் பக்க முனை) நுனிவரை குறுக்காக இழுத்துக்கொண்டே போகவேண்டும், அதற்குப் பழக்கம் வேண்டும்.

எண்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். நார்ட்டன் கணக்கில் 1000 கல்லின் துகள் சுமார் 14 மைக்ரான், 4000 சுமார் 6, 8000 சுமார் 3. சாதாரண மைக்ரோமீட்டரில் ஒரு கோடு 10 மைக்ரான். 8000 கல்லில், அதில் மூன்றில் ஒரு பங்கு பருமனுள்ள துகள்தான் வாயைத் தேய்க்கிறது. இந்த எண் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஹார்டுவேர் கடை உப்புத்தாளில் பி2000 என்று இருந்தால் அதன் துகள் 10 மைக்ரானுக்குச் சற்று மேல். "தாள் 2000, கல் 1000, அப்போ தாள்தானே ரெண்டு மடங்கு நைஸ்" என்று கணக்குப் போடக்கூடாது. இரண்டுக்கும் நடுவே நாலு மைக்ரான்கூட வித்தியாசம் இல்லை.

அந்த எண்ணும் சராசரியைத்தான் சொல்கிறது. ஆரம்பத்தில் ஆன்லைனில் மலிவாக ஒரு 3000/8000 கல் வாங்கினேன். பெட்டியில் கம்பெனி பெயர்கூட இல்லை. எவ்வளவு தீட்டியும் கன்னத்தில் எரிச்சல் போகவில்லை. டூல் ரூமில் வைத்திருந்த பத்து மடங்கு லென்ஸை எடுத்து, கத்தியின் வாயை டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மெல்லிய கோடுகள் புல் வாரிவிட்டதுபோல ஒரே சீராக ஓடின. அவற்றுக்கு நடுவே அங்கங்கே தடித்த கீறல் ஒன்று. ஒவ்வொரு கீறலும் வாய்வரை வந்து முடியும் இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பொக்கை. கல்லை மட்டம் செய்துவிட்டுத் தீட்டியும் மறுபடி அதே கீறல்தான். நைஸான துகளோடு பெரிய துகளும் கலந்துபோன கல் அது. கன்னத்தைக் கீறுவது சராசரித் துகள் அல்ல, அந்த ஒற்றைப் பெரிய துகள்தான். நல்ல கம்பெனிக் கல்லுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் காசு, அந்தத் துகளைச் சலித்து நீக்கியதற்கான கூலி.

1000 கல் யாருக்கு வேண்டும்? சந்தையிலோ தாத்தாவின் பெட்டியிலோ கிடைத்த, பொக்கை விழுந்த, மழுங்கிப்போன கத்தி வைத்திருப்பவருக்கு. இரண்டு பக்கச் சரிவும் ஒரே கோட்டில் சந்திக்கிற மாதிரி வாயைப் புதிதாக அமைப்பது 1000-த்தின் வேலை. அங்கே பாதியில் விட்டால் 8000-த்தில் எத்தனை மணி நேரம் நின்றாலும் கூர் வராது. கிங் கம்பெனியின் 1000 நிதானமாக வெட்டும், தவறு செய்தாலும் திருத்திக்கொள்ள இடம் கொடுக்கும். தச்சர்கள் வைத்திருக்கும் கார்போரண்டம் எண்ணெய்க்கல் மட்டும் வேண்டவே வேண்டாம். உளிக்கு அது சரி, சவரக்கத்தியின் வாயை அது கடித்துவிடும்.

அடுத்தது மட்டம். கல்லுக்கு ஒதுக்கிய பணத்தில் இதற்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கள். எங்கள் தெருவில் பழைய காலத்திலிருந்தே சவரம் செய்த பெரியவர் ஒருவர் என் கல்லை ஒருநாள் வாங்கி, மேலே நாலு சொட்டுத் தண்ணீர் விட்டார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், "நடுவுல தண்ணி நிக்குது பாரு கண்ணு" என்றார். நின்றது. சவரக்கத்தியில் கோணத்தைக் கை பிடிப்பதில்லை. கத்தியின் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படிகின்றன, முதுகின் தடிப்புதான் கோணத்தைத் தருகிறது. கல் குழிந்திருந்தால் அந்தக் கோணமே இடத்துக்கு இடம் மாறிப்போகும்.

மட்டம் செய்ய வைரத்தகடு 325 மெஷ் ஒன்று வாங்கலாம். அது இல்லாவிட்டால், சமையல் மேடை போடும் கிரானைட் கடையில் மீந்த துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, பின்னால் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்து எடுக்கவேண்டும். அதன்மேல் 320 வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டவையுங்கள். கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, தண்ணீர் விட்டுத் தேயுங்கள். ஓரத்துக் கோடுகள் முதலில் அழியும், நடுவில் ஒரு தீவு மாதிரி மீதி நிற்கும். அதுவும் அழிந்தபின் இன்னொரு முறை கோடு போடுங்கள். பத்துத் தேய்ப்பில் மொத்தமும் ஒன்றாக அழிந்தால் மட்டம் வந்துவிட்டது. புதுக்கல்லையும் இப்படிச் செய்துவிட்டுத்தான் கத்தி வைக்கவேண்டும். முடித்ததும் நான்கு விளிம்புகளையும் லேசாக மழுக்கிவிடுங்கள், கூரான கல் விளிம்பு கத்தியின் வாயைத் தட்டிவிடும்.

கல் சரியாகப் படிகிறதா என்று பார்க்க, கத்தியின் வாயோரம் மார்க்கர் மை பூசி இரண்டே இரண்டு இழுப்பு இழுங்கள். மை மிஞ்சிய இடத்தில் கல் தொடவில்லை. கல் மட்டமாக இருந்தும் நடுவிலோ நுனியிலோ மை நின்றால் கத்தி வளைந்திருக்கிறது. அதற்காக வேறு கல் வாங்கப் போகாதீர்கள்.

இயற்கைக் கற்கள் பக்கம் ஆசை போகும், எனக்கும் போனது. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டும் மஞ்சள் நிறக் கொட்டிக்யூல், கார்னெட் துகள்கள் நிறைந்தது. மேலே தண்ணீர் விட்டு, கல்லைப் பாலாகக் கரைத்துத் தேய்த்தால் வேகமாக வெட்டும், வெறும் தண்ணீரில் மெருகேற்றும். அருமையான கல், ஆனால் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. சீனாவிலிருந்து 12000 என்று வரும் இயற்கைக் கல்லும் அப்படித்தான். பூமியிலிருந்து வெட்டிய கல்லுக்கு அந்த எண் அளந்து கிடைத்ததல்ல. கத்தி கூராகவில்லை என்றால் தப்பு கையிலா கல்லிலா என்று புதியவருக்குப் பிரித்துப் பார்க்க முடியாது.

8000-த்தில் வசதியாகச் சவரம் வரத் தொடங்கிய பிறகும் இன்னும் வழுவழுப்பு வேண்டுமானால் நானிவா கம்பெனியின் 12000 வாங்கலாம். அதுவரை ஒரு துணிவாரில் 0.5 மைக்ரான் குரோமியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடியைப் பூசிப் பத்து இழுப்பு இழுத்துப் பாருங்கள், செலவும் குறைவு.

நார்ட்டன், கிங் கற்களை 15 நிமிஷம் தண்ணீரில் ஊறவைக்கவேண்டும். நானிவா 12000-ஐ ஊறவைக்கக் கூடாது, மேலே தண்ணீர் தெளித்தால் போதும். எதுவானாலும் வேலை முடிந்ததும் கழுவி, வெயிலில் வைக்காமல், நிழலில் நிறுத்திவைத்துக் காயவிடுங்கள்.