நிற்கும் போஸா? முதலில் ஒரு செங்குத்துக் கோடு
குழுவாக உட்கார்ந்து மாடலைப் பார்த்து வரையும்போது, நிற்கிற போஸ் என்றால் முகத்தில் ஆரம்பிக்காதீர்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பார்த்து, கழுத்துக்குழியிலிருந்து நேர் கீழே மெல்லிய கோடு ஒன்று இழுத்து, அது பாதத்தில் எங்கே இறங்குகிறது என்று முதலில் குறித்துவிடுங்கள். ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்பவருக்கு அது பெரும்பாலும் அந்தக் காலின் கணுக்கால் பக்கம்தான் விழும், பாரம் பாதத்துக்கு மேலே இருந்தால்தானே ஆள் சாயாமல் நிற்க முடியும். அதே பக்கத்து இடுப்பு ஏறி, தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதையும் இரண்டு சாய்வுக் கோடுகளாகப் போட்டுவிட்டால் 2 நிமிட போஸில் பாதி வேலை முடிந்தது, அப்புறம் உருவம் சாய்கிறதே என்று மொத்தமாக அழிக்க வேண்டியதில்லை. சுவரில் சாய்ந்தோ கோலை ஊன்றியோ நிற்கும்போதும், உட்கார்ந்த, படுத்த போஸ்களிலும் இந்தக் கணக்கு சரிவராது.