த்ராட்டில் கோளாறு: ராமநாதபுரம் கடலோரத்தில் வேகக் கார் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடியற்காலையில் ஸ்டார்ட் செய்கிறீர்கள். செக் லைட் எரிகிறது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் வண்டி ஊர்கிறது. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் ஒன்றும் நடக்காதது மாதிரி இழுக்கிறது. மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி வரிசையில் டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான தொல்லை. ஒர்க்‌ஷாப்பில் முதலில் கழற்றப்படுவது த்ராட்டில் பாடி, அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டால் கட்டுப்படுத்தும் பாகம். சுத்தம் செய்து மாட்டுவார்கள். லைட் மறுபடி வந்தால் புதிது வாங்கச் சொல்வார்கள். புதிதை மாட்டிய பிறகும் லைட் வரும். இந்தக் கடலோரத்தில் பெரும்பாலும் கெட்டுப்போவது த்ராட்டில் பாடி அல்ல. அதற்குப் போகும் கப்ளரும் (வயர்களை இணைக்கும் செருகி) எர்த்தும்தான். அளந்து பார்க்காமல் ஸ்பேனரை எடுப்பதிலிருந்துதான் மற்ற எல்லாத் தவறுகளும் கிளைக்கின்றன.

காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீராகக் கசியும். நம் பக்கத்தில் இரவில் அந்த அளவு எளிதாக எட்டிவிடும். ஆகவே கப்ளர் பின்னில் படிந்த உப்புப் படலம் இரவெல்லாம் ஈரமாக இருந்து மின்சாரத்தைக் கசியவிடும். காலை வெயிலில் காய்ந்ததும் கசிவு நின்றுவிடும். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை. வண்டியை மதியம் ஒர்க்‌ஷாப்பில் விட்டு "ஒன்றும் தெரியவில்லை" என்ற பதிலோடு திரும்புபவர்கள், முந்தின இரவே வண்டியை அங்கே விட்டுவிட்டு, காலை ஆறு மணிக்கு முதல் ஸ்டார்ட்டிலேயே அளக்கச் சொல்லுங்கள்.

ஃபால்ட் கோடை அழித்துவிட்டுத் தேடுவது

ஸ்கேனரை (வண்டியின் கணினியான இசியுவைப் படிக்கும் கருவி) மாட்டியதும் ஃபால்ட் கோடை, அதாவது இசியு பதிந்து வைத்த கோளாறு எண்ணை, அழிப்பது, இல்லாவிட்டால் பேட்டரி முனையைக் கழற்றி லைட்டை அணைப்பது பலருடைய பழக்கம். கோடுடன் ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். கோளாறு வந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு, பேட்டரி எத்தனை வோல்ட், ஆக்சிலரேட்டர் பெடல் எத்தனை சதவீதம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். முதலில் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு ஒரு பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை. எந்த சர்க்யூட்டில் கணக்கு உதைக்கிறது என்று மட்டும் சொல்கிறது. பி2135 என்றால் த்ராட்டில் பாடிக்குள் உள்ள இரண்டு பொசிஷன் சென்சார்களும் ஒத்துப்போகவில்லை. பி2138 என்றால் பெடலில் உள்ள இரண்டு சென்சார்கள் ஒத்துப்போகவில்லை. அதற்கு த்ராட்டில் பாடியை மாற்றிப் பயனே இல்லை. பி0641, பி0651 இரண்டும் சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் சப்ளையைப் பற்றியவை. பி0504 வந்தால் பிரேக் சுவிட்சைப் பாருங்கள். பிரேக் மிதிபடுவதாக இசியு நம்பிவிட்டால் பல வண்டிகளில் அது த்ராட்டிலைத் தானே அடக்கிவிடும். சில நூறு ரூபாய் சுவிட்ச் செய்யும் வேலைக்குப் பல ஆயிரம் ரூபாய் த்ராட்டில் பாடி பலியாவது இப்படித்தான்.

எர்த்தை அளக்காமல் விடுவது

இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே அதிகம் ஏமாற்றுவது இதுதான். பெடலில் இரண்டு சென்சார்கள் உண்டு. பல வண்டிகளில் இரண்டாவதின் வோல்டேஜ் முதலாவதில் பாதி. மிதிக்காதபோது ஒன்று 0.8 வோல்ட், மற்றது 0.4 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். எர்த் பின்னில் பச்சைக் களிம்பு பிடித்து, எர்த்திலேயே 0.3 வோல்ட் நின்றால் இசியு பார்ப்பது ஏறக்குறைய 1.05-ம் 0.68-ம். 1.05-ன் பாதி 0.52 அல்லவா வரவேண்டும்? கணக்கு உதைத்ததும் இசியு வண்டியை லிம்ப் மோடில் (சக்தியை அடக்கி ஊர மட்டும் விடும் நிலை) போட்டுவிடும். சென்சார்கள் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன.

அளக்கும் முறை இது. முதலில் பேட்டரி: இன்ஜின் நின்றிருக்கும்போது 12.4 முதல் 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.5. (மின்சாரச் சிக்கனத்துக்காக ஆல்டர்னேட்டரைக் குறைத்து ஓட்டும் புதிய கார்களில் இது சற்று இறங்கும்.) பிறகு மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸில் வைத்து, சிவப்பு முனையைக் கப்ளரின் பின்பக்கம் வழியாக சென்சார் எர்த் பின்னில் தொடுங்கள். இக்னிஷன் ஆனில் 0.05 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. 5 வோல்ட் சப்ளை பின்னில் 4.9 முதல் 5.1 வரை இருக்க வேண்டும். கடைசியாக இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே, ஸ்டார்ட்டர் சுற்றும்போது அளந்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் எர்த் ஸ்ட்ராப்பின் இரு முனைகளையும் கழற்றி, தொடும் இடத்தை உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, முறுக்கிய பின் மேலே கிரீஸ் பூசுங்கள்.

5 வோல்ட் குறைந்திருந்தால் உடனே இசியுவைக் குறை சொல்லாதீர்கள். அதே 5 வோல்ட் பல வண்டிகளில் ஏசி பிரஷர் சென்சாருக்கும், காற்றழுத்தம் அளக்கும் மேப் சென்சாருக்கும், ஃப்யூயல் ரெயில் சென்சாருக்கும் போகிறது. ஏசி சென்சார் முன்பக்கம் கண்டென்சர் அருகே, உப்புக் காற்று நேராக அடிக்கும் இடத்தில் இருக்கிறது. அது ஷார்ட் ஆனால் த்ராட்டில் கோடு எரியும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு சென்சாரின் கப்ளராகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுவும் அதன் வயரும்தான் குற்றவாளி.

வயரைக் குத்திப் பார்ப்பது

ஊசி முனையை வயர் இன்சுலேஷனில் குத்தி அளப்பது கடலை விட்டுத் தள்ளிய ஊர்களில் தப்பிக்கலாம். உச்சிப்புளியில் தப்பிக்காது. அந்தத் துளை வழியே ஈரம் புகுந்து செம்புக் கம்பி உள்ளுக்குள்ளேயே பச்சையாகிப் பொடியும். சில மாதம் கழித்து வரும் கோளாறை வெளியிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. எப்போதும் கப்ளரின் பின்புறமாக மெல்லிய பின் விட்டு அளந்து பாருங்கள். ரப்பர் சீலைப் பழையபடி உட்கார வையுங்கள்.

பின்னை உப்புத்தாளால் தேய்ப்பதும் தவறு. தகர அல்லது தங்க முலாம் போய்விட்டால் அடுத்த வாடைக்காற்று சீசனுக்குள் களிம்பு இரட்டிப்பாகும். எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடித்து, நைலான் பிரஷால் தேய்த்து, முழுதாக உலரவிட்டு மாட்டுங்கள். டைஎலக்ட்ரிக் கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது. ரப்பர் சீலில் மெல்லியதாகப் பூசினால் போதும், கப்ளர் நிறைய அப்ப வேண்டாம். பெண் பின் (ஆண் பின் நுழையும் குழிப் பின்) தளர்ந்திருக்கிறதா என்பதை, அதே அளவு உதிரி ஆண் பின்னைச் செருகி இழுத்துப் பாருங்கள். இறுக்கமே இல்லாமல் வந்தால் அந்தப் பின்னை மாற்ற வேண்டும். ஒட்டுப் போடும் இடத்தில் டேப் சுற்றுவது இந்த ஊருக்கு ஆகாது; கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள்.

இன்ஜின் பகுதியை போர்வெல் தண்ணீரால் கழுவுவதையும் நிறுத்துங்கள். நம் மாவட்டத்தில் பல ஊர்களில் அது உப்புத் தண்ணீர். அதை பிரஷர் கன்னில் அடிப்பது கப்ளருக்குள் உப்பை ஊசி போடுவது மாதிரி. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும்.

இசியு மூடுவதை த்ராட்டில் கோளாறு என்று நினைப்பது

ரீமேப் செய்த (இசியு மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டிய) வண்டிகளில் அதிகம் பணம் வீணாவது இதில்தான். போலோ ஜிடி டிஎஸ்ஐ, விர்டஸ் ஜிடி, ஐ20 என் லைன், பலேனோ ஆர்எஸ் போன்ற டர்போ கார்களில் உங்கள் கால் த்ராட்டிலைத் திறப்பதில்லை. நீங்கள் டார்க் (சுழற்றும் விசை) கேட்கிறீர்கள். எவ்வளவு திறப்பது என்று இசியு முடிவு செய்கிறது. முழுதாக மிதித்தபோதும் 4,000 ஆர்பிஎம்முக்கு மேல் த்ராட்டில் 60 சதவீதத்துக்கு இறங்கினால், அது கோளாறாகவும் இருக்கலாம், கட்டளையாகவும் இருக்கலாம்.

பிரித்தறிய ஒரே வழி லாக் எடுப்பது, அதாவது ஓடும்போதே அளவுகளை ஸ்கேனரில் பதிவது. பெடல் சதவீதம், இசியு கேட்கும் த்ராட்டில் கோணம், உண்மையான கோணம், கேட்கும் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), கிடைக்கும் பூஸ்ட், இக்னிஷன் ரிடார்ட் (தீப்பொறி நேரம் பின்தள்ளப்படுவது), உள்ளிழுக்கும் காற்றின் சூடு ஆகிய ஏழையும் ஒன்றாகப் பதியுங்கள். கேட்கும் கோணமும் உண்மையான கோணமும் சேர்ந்தே இறங்கினால் த்ராட்டில் பாடி சொன்னபடி கேட்கிறது, அதைத் தொடாதீர்கள். கேட்பது 100, கிடைப்பது 40 என்றால்தான் மோட்டார், கியர், வயரிங் பக்கம் போக வேண்டும்.

இசியு ஏன் மூடச் சொல்கிறது? கடலோரத்தில் முதலில் பார்க்க வேண்டியது டர்போவின் வேஸ்ட்கேட் (மிகுதிப் புகையைத் திருப்பிவிட்டுப் பூஸ்டை அடக்கும் கதவு) கம்பி. அதன் இணைப்பு துருப்பிடித்து இறுகினால் வேஸ்ட்கேட் முழுதாகத் திறக்காது, பூஸ்ட் எல்லை மீறும், இன்ஜினைக் காக்க இசியு த்ராட்டிலை மூடும். லாகில் கிடைக்கும் பூஸ்ட் கேட்கும் பூஸ்டைத் தாண்டிய கணமே கோணம் இறங்குவதைக் காணலாம். அடுத்தது டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். அரிச்சல்முனைப் பக்கம் அடிக்கடி போகும் வண்டிகளில் மணல் அடைத்து, அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாக அரித்திருக்கும். காற்றின் சூடு வெளிவெப்பத்தைவிட 30, 40 டிகிரி கூடுதலாக நின்றால் டைமிங் பின்வாங்கும், டார்க் குறையும். நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டியில் ரெயில் பிரஷர் இறங்கினாலும், டிராக்‌ஷன் கண்ட்ரோல் குறுக்கிட்டாலும் இதே கதைதான். தேசிய நெடுஞ்சாலை 87-ல் தார் மேல் படிந்த மணலில் டயர் வழுக்கிய நொடியில் வரும் கட்டளையை "த்ராட்டில் கட் ஆகுது" என்று எழுதி வைக்காதீர்கள்.

லாக் எடுப்பதற்காகப் பாம்பன் பாலத்திலோ தனுஷ்கோடி சாலையிலோ முழு த்ராட்டில் போடவே கூடாது. பாலத்தில் பக்கக் காற்று உண்டு. இரண்டு இடத்திலும் வண்டியை நிறுத்தி இறங்கி நிற்கும் மக்கள் உண்டு. டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே உருளைமேல் ஓட்டி அளக்கும் மேடை) ஏற்றுங்கள். இல்லையென்றால் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற ஓடுதளத்தில் டிராக் டே நடக்கும் நாளில் பதியுங்கள்.

சுத்தம் செய்யும்போது கெடுப்பது

சுத்தம் செய்ய வேண்டிய தேவை உண்மையில் உண்டு. பிசிவி (இன்ஜினின் உள்புகையை மீண்டும் உள்ளிழுக்க விடும் வால்வு) வழியாக வரும் எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து தகட்டின் ஓரத்தில் கறுப்புப் பிசினாகும், ஐட்லிங் தடுமாறும். ஆனால் கப்ளர் மாட்டியபடி, இக்னிஷன் ஆனில் தகட்டை விரலால் தள்ளுவது விரலுக்கும் ஆபத்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கியருக்கும் ஆபத்து. முதலில் இக்னிஷனை அணைத்துக் கப்ளரைக் கழற்றுங்கள். த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். நேராக ஷாஃப்ட்டில் பீய்ச்சினால் எண்ணெயும் அழுக்கும் கரைந்து பேரிங்குக்கும் மோட்டாருக்கும் போகும். சில த்ராட்டில் பாடிகளின் உள்சுவரில், தகடு மூடும் வளையத்தில், கருஞ்சாம்பல் நிறப் பூச்சு இருக்கும். அது அழுக்கல்ல, காற்று கசியாமல் இருக்கப் போட்டது. அதைச் சுரண்டினால் ஐட்லிங் பிறகு அடங்காது.

மின்சாரம் இல்லாதபோது எலக்ட்ரானிக் த்ராட்டில் தகடு சற்றுத் திறந்தே நிற்கும். லிம்ப் மோடில் வண்டி ஊர்ந்தாவது போக வேண்டும் என்பதற்காக ஸ்பிரிங் அப்படி அமைந்திருக்கிறது. இதைப் பார்த்து "மூடவில்லை" என்று ஸ்டாப்பை அரம் போட்டவர்கள் உண்டு. பழைய கேபிள் வகையில் ஐட்லிங்குக்காக ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருப்புவதும் இதே தப்பு. அது கம்பெனியில் பூட்டிய அளவு. அந்த வகை வண்டியில் கடலோரத்தில் பார்க்க வேண்டியது கேபிள் உறைக்குள் ஏறிய துரு. மிதித்துவிட்டுக் காலை எடுத்ததும் தகடு டக்கென்று மூட வேண்டும். தயங்கினால் கேபிளை மாற்றுங்கள், எண்ணெய் விட்டுச் சமாளிக்காதீர்கள்.

சுத்தம் செய்தபின் ஐட்லிங் 1,200, 1,500 என்று ஏறினால் பதறி மறுபடி கழற்ற வேண்டாம். அழுக்கோடு பழகிய கணக்கை இசியு இன்னும் வைத்திருக்கிறது. அடாப்டேஷன் (த்ராட்டிலின் நிலையை இசியுவுக்குப் புதிதாகக் கற்றுத்தருவது) செய்யவேண்டும்: பேட்டரி 12 வோல்ட்டுக்கு மேல், ஏசி, ஹெட்லைட் எல்லாம் ஆஃப், பெடலில் கால் வைக்காமல், ஸ்கேனரில் அந்த மாடலுக்குரிய முறைப்படி. சூடு எத்தனை டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டைப் பாருங்கள்.

அடாப்டேஷனுக்குப் பிறகும் ஐட்லிங் ஏறியே இருந்தால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம் (இசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) இரண்டையும் கூட்டினால் ஐட்லிங்கில் +10 சதவீதத்துக்கு மேலும், 2,500 ஆர்பிஎம்மில் சுழியத்தை ஒட்டியும் வந்தால் த்ராட்டிலுக்குப் பின்னால் கசிவு என்று பொருள். சூடான இன்ஜினில் கார்ப் கிளீனர் பீய்ச்சித் தேடுவது தீயை அழைப்பது. புகை விட்டுக் கசிவைக் காட்டும் ஸ்மோக் மெஷின் வைத்திருப்பவரிடம் போங்கள். பூஸ்ட் குழாய்களில் சாதாரண கிளாம்ப்கள் இங்கே சீக்கிரம் துருவேறி நழுவும். ஸ்டெயின்லெஸ் டி-போல்ட் கிளாம்ப் போடுங்கள்.

பெடலில் மாட்டும் பூஸ்டர் பெட்டி குதிரைத்திறனைக் கூட்டாது. பெடல் சிக்னலை மட்டும் முன்கூட்டி உயர்த்துகிறது. அதோடு இரண்டு புதிய கப்ளர்களையும் சேர்க்கிறது. கோளாறு தேடும்போது முதலில் அதைக் கழற்றி எறியுங்கள். திறந்த கோன் ஃபில்டரும் இந்த மணலுக்கும் உப்புக்கும் ஏற்றதல்ல. எண்ணெய் தடவிய வகை, உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரையும் கெடுக்கலாம்.

உண்மையிலேயே த்ராட்டில் பாடி போய்விட்டால், பார்ட் நம்பர் கடைசி எழுத்துவரை பொருந்துவதை வாங்குங்கள். பழைய சாமான் கடையில் எடுப்பதானால் தகட்டை மெதுவாக முழுதும் திறந்து மூடிப் பாருங்கள். எங்காவது சொரசொரத்தால் வேண்டாம். புதிய ஓ-ரிங் போடுங்கள், சிலிகான் பசை வேண்டாம். பிளாஸ்டிக் மேனிஃபோல்டில் 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்கு டார்க் ரெஞ்சில் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும், மூலைக்கு மூலை மாற்றி முறுக்க வேண்டும். அடாப்டேஷன் முடித்து, ஸ்கேனரில் பெடலை மெல்ல மிதித்து 0-வில் இருந்து 100 வரை எங்கும் துள்ளாமல் ஏறுவதைப் பாருங்கள். காலடி மேட் பெடலைத் தடுக்கவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். பிறகு வண்டியை ஓர் இரவு திறந்தவெளியில் நிறுத்தி, விடியலில் முதல் ஸ்டார்ட்டில் கோடு வருகிறதா என்று பார்த்தபின்தான் கணக்கை முடிக்க வேண்டும்.